தொள்ளாயிரத்து ஒன்றாவது வகுத்தல்

கரண்ட்டு ரீடிங் எடுக்க வருகிற ஆள் மீட்டரை அரை நிமிடத்துக்கு மேல் பார்த்தால் வீட்டில் இருக்கிறவர்கள் பழைய பில்லைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். நாம் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டோம், இருந்தாலும் தேடுவோம். அவர் எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்த அன்று முழுசாக ஐந்து நிமிடம் பார்த்தார். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தேன்.

"இன்னா சார், மீட்டர்ல எதனா கோளாறா?"

"கோளாறு ஒண்ணும் இல்லம்மா" என்றார், திரும்பாமலே. "மூணுல போவல. ஏழுல போட்டா ஆறு மிச்சம். பதிமூணுல போட்டா மூணு மிச்சம்."

எனக்கு ஒரு இழவும் புரியவில்லை. சரி, வெயிலில் அலைந்து மூளை கொஞ்சம் காய்ந்துவிட்டது போலிருக்கிறது என்று ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "ரொம்ப நாளைக்கு அப்பறம் ஒரு நல்ல நம்பரும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் பார்த்தது ரீடிங்கை இல்லை. ரீடிங்கை வந்த உடனே அட்டையில் எழுதிவிட்டார். மீட்டரின் முகத்தில் கம்பெனிக்காரன் பொறித்து அனுப்புகிற நம்பர் ஒன்று இருக்குமே, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 49098013. எட்டு வருஷமாக அந்த வாடகை வீட்டில் இருக்கிறேன், அங்கே அப்படி ஒரு நம்பர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் முப்பத்தேழு வீடு. முப்பத்தேழு மீட்டரின் நம்பரும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. நம்பர் மட்டுமில்லை, எந்த நம்பர் எதால் மிச்சமில்லாமல் வகுபடும் என்பதும். எதிர்வீட்டு அக்காவிடம் ஒருநாள், "உங்க மீட்டரு நாலு அஞ்சு ரெண்டு, நாலு அஞ்சு ரெண்டு. இப்டி மூணு நம்பரு திரும்ப வந்துச்சின்னா ஏழு, பதினொண்ணு, பதிமூணு, மூணுத்துலயும் போவும். யோகமான மீட்டரும்மா" என்றார். அக்கா பதறிப்போய், "அதுக்குன்னு பில்லு எதனா ஏத்திப் போட்டுடாதீங்க சார்" என்றாள். நான் என் வாசலில் நின்று சிரித்தேன். ஆனால் உள்ளே போய்க் கால்குலேட்டரில் 452452-ஐப் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் மிச்சமில்லாமல் போனது.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. கடைசியில் ஒரு அழைப்பிதழில் அச்சடித்தே கொடுத்தார்கள். ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவர் 'ரீடிங்காரர்'தான். எனக்கும் அப்படியே இருக்கட்டும்.

ஒல்லியான ஆள். அறுபதை நெருங்கும் வயசு. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில் இருக்கும், ரப்பர் இருக்காது. கேட்டதற்கு, "அழிச்சிட்டா எங்க தப்பு பண்ணோம்னு தெரியாதும்மா" என்றார். விழுப்புரத்தில் ஸ்டேஷன் பக்கம் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. "ஏன் சார்?" என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். எனக்கு நாக்கு சும்மா இருக்காது, அது என் பிறவிக்குணம். "தங்கச்சிங்க ரெண்டு பேரு இருந்தாங்க. அவங்களுக்குப் பண்ணி முடிக்கறதுக்குள்ள வயசு போயிடுச்சி" என்றார். தங்கைகள் இப்போது எங்கே என்று கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு என் நாக்கும் அடங்கிவிட்டது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஓமனில் ஏசி மெக்கானிக். மகள் பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிற பெண்களைத் தவிர வேறு பேச்சுத்துணை கிடையாது. அவர்களும் கழுத்து இறக்கம், கை நீளம் இதைத் தாண்டிப் பேச மாட்டார்கள். ரீடிங்காரர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அதற்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இரண்டாவது தடவை வந்தபோது வாசலிலேயே நின்று, "எரநூறு வரைக்கும் போட்டுட்டேன்மா, அசைய மாட்டேங்குது" என்றார், ஏதோ நான் சொல்லி அனுப்பிய வேலை மாதிரி. அன்றைக்குத்தான் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் போட்டு, இன்னா சார் விஷயம், விளக்கமா சொல்லுங்க என்று உட்கார வைத்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் மீட்டர் நம்பர் ஒரு பகா எண்ணாக இருக்கும் என்று அவருக்குச் சந்தேகம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மிச்சமில்லாமல் வகுபடாத எண் பகா எண். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று சின்னதில் நிறைய இருக்கும். பெரிசாகப் பெரிசாகக் குறைந்துகொண்டே போகும். எட்டு இலக்கத்தில் ஒன்று கையில் கிடைப்பது லேசில் இல்லையாம். சர்வீஸில் அவர் பார்த்த மீட்டர் அநேகமாக எல்லாம் இரண்டிலோ மூன்றிலோ, மிஞ்சிப்போனால் இருநூறுக்குள் ஏதோ ஒன்றிலோ விழுந்துவிட்டது. இது விழவில்லை.

"அதுக்கு இன்னா சார் பண்றது?"

"ஒவ்வொரு பகா எண்ணாலயும் வகுத்துப் பாக்கணும். ஏழாயிரம் வரைக்கும் போதும்."

"அதென்ன ஏழாயிரம்?"

"வகுபடற நம்பருன்னா அதுக்குள்ள ரெண்டு பேரு இருப்பாங்கம்மா. ஒருத்தர ஒருத்தர் பெருக்கினா இந்த நம்பரு வரணும். ரெண்டு பேருமே ஏழாயிரத்துக்கு மேல இருந்தா பெருக்கும்போது நம்ம நம்பரைத் தாண்டிப் போயிடும். அப்போ ஒருத்தராவது ஏழாயிரத்துக்குள்ளதான இருக்கணும்?"

கணக்கில் நான் மோசமில்லை. ஜாக்கெட் வெட்டுகிறவளுக்குக் கணக்கு இல்லாமல் முடியாது. சரியென்றுதான் பட்டது.

"இத போன்ல போட்டா ஒரு செகண்டுல சொல்லிடுமே சார்" என்றேன்.

"சொல்லிடும்" என்றார். பென்சிலைப் பையில் செருகினார். "அப்பறம் நான் இன்னா பண்றது?"

போனில் போட்டுப் பார்க்க மாட்டேன் என்று அன்றைக்கு அவரிடம் வாக்குக் கொடுத்தேன்.

விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறினால் நோட்டை எடுத்துவிடுவார். முண்டியம்பாக்கம் வருவதற்குள் ஒரு வகுத்தல், பேரணி தாண்டுவதற்குள் இன்னொன்று. திரும்பிப் போகும்போது காலையில் வகுத்ததைப் பெருக்கிச் சரிபார்ப்பார். லைன் லைனாக, மார்ஜின் விட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மிச்சத்தை எழுதி வட்டம் போட்டிருப்பார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அதைக் காட்டுவார். ஆயிரம் தாண்டியாச்சு. ஆயிரத்து எண்ணூறு தாண்டியாச்சு. நடுவில் மழைக்காலத்தில் ஜுரத்தில் படுத்து ஒரு தடவை வரவில்லை. வேறு ஒரு ஆள் வந்து அரை நிமிடத்தில் எழுதிவிட்டுப் போனான். அந்த நான்கு மாதம் எனக்குப் பெரிய பேஜாராகப் போனது.

ஒரு அமாவாசைக்கு வந்தார். அமாவாசை என்றால் எங்கள் தெருவில் பாதிப்பேர் மேல்மலையனூர்க் கோயிலுக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். அன்று முழுத்தெருவும் வேன் வைத்துப் போயிருந்தது. காலையில் உடம்புக்கு முடியாததால் நான் போகவில்லை. வீடு பூட்டியிருந்தால் ரீடிங் எடுக்கிறவர் தன் குறிப்பில் 'பூட்டு' என்று எழுதிவிட்டுத் திரும்ப வர வேண்டும். "முப்பத்தாறு பூட்டும்மா இன்னைக்கி" என்று சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ஆபீஸ்ல நாளு சரியா பாக்காம ரூட்டு போட்டுட்டாங்க. நீங்க ஒரு வீடுதான் தொறந்திருக்கு."

நான் வேர்க்கடலை வேகவைத்திருந்தேன், எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். ஒவ்வொன்றாக உரித்துத் தின்றார், தோலைச் சிந்தாமல் கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டார். போகும்போது, "யாராச்சும் ஊட்ல இருந்தா நல்லா இருக்குதும்மா" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு அழுகை அழுகையாக வந்தது. எனக்காகவா, அவருக்காகவா என்று தெரியவில்லை.

இன்னொருமுறை லைனிங் துணி வாங்க விழுப்புரம் போயிருந்தேன். மத்தியானம் திரும்பலாம் என்று ஸ்டேஷனுக்கு வந்தால் பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் இவர். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை, எந்த ரயிலுக்கும் போகிறவராகவும் தெரியவில்லை. மடியில் நோட்டு. "இங்க இன்னா சார் பண்றீங்க?" என்றேன். "ரூம்ல ஃபேன் ஓடல" என்றார். "எங்க ரூமுக்கு மீட்டரே கெடையாதும்மா. ஓனரு ஊட்ல இருந்து லைன் இழுத்திருக்காரு. அவரு ஆஃப் பண்ணா நமக்கும் ஆஃப்." ஊர் முழுக்க மீட்டர் பார்க்கிற மனுஷனுக்கு ஒரு மீட்டர் இல்லை. எனக்கு அந்த ஓனரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. இவர் சிரித்துக்கொண்டே அடுத்த வகுத்தலுக்குப் போய்விட்டார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை. ரீடிங் எடுக்கிற நாளே இல்லை. கையில் அரைக்கிலோ மைசூர்பாகோடு வந்து நின்றார். முகம் அப்படி ஒரு பிரகாசமாக நான் பார்த்ததில்லை.

"முடிஞ்சிதும்மா. ஏழாயிரத்துக்குள்ள இருக்கறது மொத்தம் எத்தனை பகா எண்ணு தெரியுமா? தொள்ளாயிரம். கரெக்டா தொள்ளாயிரம், ஒண்ணு அதிகமில்ல, ஒண்ணு கொறைவில்ல. தொள்ளாயிரத்துலயும் மிச்சம் நிக்குது. பகா எண்ணுதான்!"

நானும் கைதட்டினேன். மைசூர்பாகை அங்கேயே பிரித்துத் தின்றோம். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு அவளுக்கும் கொடுத்தோம். என்ன விசேஷம் என்று கேட்டாள். எங்க மீட்டர் பாஸாயிடுச்சி என்றேன்.

அப்புறம்தான் அழைப்பிதழை எடுத்தார். வெள்ளிக்கிழமை ரிட்டயர் ஆகிறார். திண்டிவனத்திலேயே ஒரு ஹாலில் பாராட்டு விழா. "எல்லாரும் கடைசியா மைக்குல நாலு வார்த்த பேசுவாங்கம்மா. புள்ளைங்கள இப்டி படிக்க வச்சேன், ஊடு கட்னேன்னு சொல்லுவாங்க. எனக்கு இன்னா இருக்குது சொல்ல? மத்தவங்க விழாவுக்குப் போவும்போதெல்லாம் நெனச்சி நெனச்சிப் பாப்பேன். இப்ப சொல்றதுக்கு இது ஒண்ணு கெடச்சிடுச்சி." அழைப்பிதழின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "மேடையில பக்கத்துல குடும்பத்துக்குன்னு ஒரு சேர் போடுவாங்க. நீங்க வந்து உக்காருவீங்களா? உங்க மீட்டருதான?"

ஊர் என்ன சொல்லும் என்று ஒரு நொடி யோசித்தேன். சொல்லிவிட்டுப் போகட்டும். வர்றேன் சார் என்றேன்.

புதன்கிழமை பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட்டு இல்லை. மெஷின் மோட்டார் ஓடாது. கால்குலேட்டரை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவள், சனியன் என்ன தோன்றியதோ, ஏழாயிரத்தை ஏழாயிரத்தால் பெருக்கினேன். நான்கு கோடியே தொண்ணூறு லட்சம். எங்கள் மீட்டர் நம்பர் நான்கு கோடியே தொண்ணூறு லட்சத்துத் தொண்ணூற்று எட்டாயிரத்துப் பதின்மூன்று. அப்படியென்றால் ஏழாயிரத்தோடு நிறுத்தியது போதாதே. இன்னும் கொஞ்சம் மேலே போயிருக்க வேண்டுமே. சும்மா ஏழாயிரத்து ஒன்றால் வகுத்தேன்.

7013 என்று வந்தது. புள்ளியே இல்லை.

மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அதேதான். ஏழாயிரத்து ஒன்று, ஏழாயிரத்துப் பதின்மூன்று. இரண்டுமே ஏழாயிரத்துக்கு மேல்.

இந்த மனுஷன் எப்படி இதைக் கோட்டை விட்டார் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தோன்றியது இதுதான். பழைய மீட்டரில் கடைசியாகச் சிவப்பில் ஒரு எண் ஓடும், யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. ரீடிங் எடுக்கிறவர்கள் அதை எழுதவே மாட்டார்கள், சொச்சம் என்று விட்டுவிடுவார்கள். முப்பத்தொரு வருஷம் சொச்சத்தை விட்டே பழகின கண். நான்கு கோடியே தொண்ணூறு லட்சத்துச் சொச்சம் என்று பார்த்திருக்கும், சொச்சத்தை விட்டிருக்கும். அதற்கு மேல் தொள்ளாயிரம் என்று ரவுண்டாக வேறு வந்துவிட்டது. முடிந்தது என்று யாருக்குத்தான் தோன்றாது?

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் விட்டால் மைக்கில் சொல்லிவிடுவார். ஆபீஸில் சின்னப்பயல்கள் இருப்பார்கள். ஆளுக்கொரு போன். ஒரு செகண்டில் போட்டுப் பார்த்துவிட்டு, "சார், ஏழாயிரத்து ஒண்ணுல போவுது சார்" என்று எவனாவது கத்துவான். ஹாலே சிரிக்கும். கடைசி நாளில், மாலையும் கழுத்துமாக நிற்கும்போது. சொன்னாலோ, இரண்டு வருஷம் போச்சு. ஆனால் ஊர் சிரிப்பதைவிட நான் ஒருத்தி சொல்வது மேல் என்று முடிவு பண்ணினேன். இன்றைக்கும் அந்த நிமிடத்துக்குத் திரும்பித் திரும்பிப் போய் நிற்கிறேன்.

அவர் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. வியாழக்கிழமை காலையில் திண்டிவனம் ஸ்டேஷனில் போய் நின்றேன். பாசஞ்சரில் இருந்து இறங்கி வந்தார்.

"இன்னாம்மா, ஊருக்கா?"

"உங்களதான் சார் பாக்க வந்தேன். ஏழாயிரத்து ஒண்ணுல ஒரு வாட்டி போட்டுப் பாருங்க."

சிரித்தார். "ஏழாயிரத்துக்கு மேல தேவையில்லம்மா."

"ஏழாயிரத்த ஏழாயிரத்தால பெருக்கினா நம்ம நம்பர எட்டல சார். சொச்சம் நிக்குது."

சிரிப்பு அப்படியே நின்றது. பெஞ்சில் உட்கார்ந்தார். நோட்டை எடுத்தார். கூட்டம் எல்லாம் கலைந்து போய்விட்டது. பென்சில் நிதானமாக இறங்கியது. கடைசியில் இருபத்தோராயிரத்து மூன்று நின்றது. மூன்று முறை ஏழாயிரத்து ஒன்று, இருபத்தோராயிரத்து மூன்று. கீழே சைபர் போட்டார்.

"ஏழாயிரத்துப் பதிமூணு" என்று படித்தார். "ரெண்டும் பகா எண்ணும்மா. பக்கத்துப் பக்கத்துல இருக்கறது. நடுவுல வேற ஒண்ணும் கெடையாது" என்றார். குரலில் அந்த நேரத்திலும் ஒரு ஆசை இருந்தது. பிறகு நோட்டை மூடினார். "நல்லவேள சொன்னீங்க."

"நாளைக்கி இதப் பத்திப் பேசாதீங்க சார். வேற எதனா பேசுங்க."

"வேற பேசறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லியேம்மா" என்றார். கோபமாக இல்லை, வருத்தமாகக்கூட இல்லை. இருப்பதைச் சொன்னார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை போனேன். இருக்கிறதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரோ என்னைத் தங்கை என்று நினைத்துக்கொண்டு எனக்கும் ஒரு சால்வை போட்டார்கள். நான் மறுக்கவில்லை. முதலில் பேசிய அதிகாரி அவர் பெயரைத் தப்பாகச் சொன்னார், பின்னால் இருந்து ஒருவர் திருத்தினார். அடுத்தவர் அவருக்குச் சொந்த ஊர் திண்டிவனம் என்றார். அதை யாரும் திருத்தவில்லை. மூன்றாமவர் பேசும்போது கேசரியும் வடையும் வந்துவிட்டன.

அவரை மைக்குக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார். மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"எல்லாருக்கும் நன்றி. வணக்கம்."

வந்து உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் வந்தது, சீக்கிரம் முடித்ததற்காக. "சார் எப்பவுமே ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு" என்று ஒருவர் மைக்கில் சொல்ல, சிரித்தார்கள். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து விழுப்புரத்தில் அந்த அறையைத் தேடிப் போனேன். காலி பண்ணிவிட்டார், எங்கே என்று சொல்லவில்லை என்றார் ஓனர்.

அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தேன். ஒருவர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் டிரான்ஸ்ஃபர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வடை தீர்ந்துவிட்டதா என்று ஒருவர் எழுந்து எட்டிப் பார்த்தார். நான் பயந்த அந்தச் சின்னப்பயல்கள் வாசலில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த எட்டு இலக்கத்தையும் நிதானமாக இரண்டு தடவை சொல்லி, இது பகா எண், நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் இதே மாதிரி கைதட்டிவிட்டுக் கை கழுவப் போயிருப்பார்கள். அவர் சொன்னதை ஏழாயிரத்து ஒன்றால் வகுத்துப் பார்க்கிற அளவுக்கு அந்த மனுஷன்மேல் அக்கறை உள்ளவர்கள் அந்த ஹாலில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.